நியூக்கிளிக் அமில எச்சங்களைப் பெயர்சொல்லித் தெரிவுசெய்தல்: பைமோல், கைமெராஎக்ஸ், விஎம்டிக்கான முழுமையான வழிகாட்டி

பைமோல், கைமெராஎக்ஸ், விஎம்டி மூன்றும் மூலக்கூறின் கட்டமைப்பைத் திரையில் காட்டும் மென்பொருள்கள். 1பிஎன்ஏ என்ற டிஎன்ஏ கோப்பைப் பைமோலில் திறந்து, அடினீன்கள் அத்தனையையும் எடுக்க "ரெஸ்என் ஏ" என்று கேட்டால், தெரிவில் 0 அணு என்று பதில் வரும். திரையில் நான்கு அடினீன்கள் கண்முன்னே நிற்கும். மென்பொருளில் பிழை இல்லை. அந்தக் கோப்பில் அவற்றின் பெயர் "ஏ" அல்ல, "டிஏ". புரதங்களில் பழகிய கை நியூக்கிளிக் அமிலத்துக்கு வந்ததும் முதலில் தடுக்குவது இந்த இடத்தில்தான். 0 வந்தால் பிழை இருப்பது உடனே தெரிந்துவிடும். 24 எச்சம் (சங்கிலியின் ஒவ்வோர் அலகும் ஓர் எச்சம்) வரவேண்டிய இடத்தில் 22 வந்தால் தெரியாது; அந்தப் படம் அப்படியே ஆய்வறிக்கைக்குள் போய்விடும். வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் இறுதியாண்டு ஆய்வுக்காக இந்த மென்பொருள்களைத் தொடுபவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ரெஸ்என் என்பது ஆர், இ, எஸ், என் என்ற நான்கு எழுத்து, எச்சத்தின் பெயர். ரெஸ்ஐ என்பது ஆர், இ, எஸ், ஐ; எச்சத்தின் இலக்கம். செயின் என்பது சங்கிலி. நேம் என்பது அணுவின் பெயர். பைரெஸ் என்பது பி, வை, ஆர், இ, எஸ். ஓரணு அகப்பட்டாலும் அதன் எச்சம் முழுவதையும் எடு என்று பொருள். பைமோலில் இந்த ஐந்தும் போதும், முக்கால்வாசி வேலை முடியும்.

கோப்பில் பெயர் எப்படி இருக்கிறது

புரதத் தரவு வங்கியின், அதாவது பிடிபியின், பழைய வடிவக் கோப்பில் ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு வரி. 13 முதல் 16 வரையான நிரல்களில் அணுவின் பெயர், 18 முதல் 20 வரை எச்சத்தின் பெயர், 22இல் சங்கிலி, 23 முதல் 26 வரை எச்ச இலக்கம், 27இல் சேர்க்கைக் குறியீடு. நோட்பேடில் திறந்தாலே வாசிக்கலாம். எந்தக் கோப்பாக இருந்தாலும் கட்டளை தட்டுமுன் அதை ஒருமுறை நோட்பேடில் திறந்து முதல் முப்பது வரிகளையாவது பாருங்கள். அரை நிமிட வேலை, அரை நாளை மிச்சப்படுத்தும்.

இன்றைய பெயரிடல் இதுதான். ஆர்என்ஏயில் ஏ, சி, ஜி, யு என்று ஓரெழுத்து. டிஎன்ஏயில் டிஏ, டிசி, டிஜி, டிடி என்று ஈரெழுத்து. 2007இல் பிடிபி தன் கோப்புகளைத் திருத்தி வெளியிடும்வரை இரண்டுக்கும் ஒரே ஓரெழுத்துப் பெயர்தான் இருந்தது. அதே திருத்தத்தில் அணுப் பெயர்களும் மாறின: வெல்லத்தின் அணுக்களில் உடுக்குறி போய் பிரைம் குறி வந்தது, சி1* என்பது சி1' ஆனது. பொசுபேற்றின் ஓ1பி, ஓ2பி என்பவை ஓபி1, ஓபி2 ஆயின. தைமீனின் மெதைல் காபன் சி5எம் என்பதிலிருந்து சி7 ஆனது. ஆகவே ஆய்வுகூடத்துப் பழைய இறுவட்டிலிருந்து எடுத்த கோப்பும் இன்று தரவிறக்கிய கோப்பும் ஒரே மூலக்கூறாக இருந்தாலும் ஒரே கட்டளைக்கு ஒரே பதில் தராது.

இயக்கவியல் உருவகப்படுத்தலில் இருந்து வரும் கோப்புகளில் பெயர் இன்னும் வேறு. சாம் என்ற விசைப்புலத்தில் (அணுக்களிடை விசைகளைக் கணிக்கும் அளபுருத் தொகுதியில்) ஏடிஇ, ஜியுஏ, சிஒய்டி, டிஎச்ஒய், யுஆர்ஏ என்று மூவெழுத்து. முதல் மூன்றும் டிஎன்ஏயோ ஆர்என்ஏயோ என்று பெயரில் தெரியாது. அம்பர் என்ற இன்னொரு விசைப்புலத்தில் முனை எச்சங்களுக்கு எண் ஒட்டும்: 5' முனையில் டிசி5, 3' முனையில் டிஜி3. 1பிஎன்ஏயை அம்பரில் தயார்செய்துவிட்டு "ரெஸ்என் டிசி" என்று கேட்டால் எட்டுச் சைற்றோசினில் ஆறுதான் வரும். இழைகளின் தொடக்கத்தில் இருக்கும் இரண்டும் டிசி5 ஆகிவிட்டன.

இதற்கு "ரெஸ்என் டிஏ*", "ரெஸ்என் டிஜி*" என்று உடுக்குறி போடும் வழக்கம் உண்டு. வெறும் டிஎன்ஏ மட்டும் உள்ள கோப்பில் சரி. பெப்ரைட்டு சேர்ந்த கோப்பில் வேண்டாம். டிஏஎல் என்பது டி-அலனைன், டிஏஆர் என்பது டி-ஆர்ஜினைன், டிஜிஎன் என்பது டி-குளுற்றமைன். உடுக்குறி இவற்றையும் வாரிக்கொண்டு வரும்.

முதற்பயிற்சி: 1பிஎன்ஏ

விடையை முன்கூட்டியே கையால் கணக்கிடக்கூடிய கோப்பில் பழகுவதுதான் நல்லது. 1981இல் வெளியான டிக்கர்சன் பன்னிருமம், 1பிஎன்ஏ, அதற்கு மிகப் பொருத்தம். சிறிய கோப்பு, கைப்பேசித் தரவில் இறக்கி மடிக்கணினிக்கு மாற்றினாலும் சிரமமில்லை. வரிசை சிஜிசிஜிஏஏடிடிசிஜிசிஜி. ஏ சங்கிலியில் 1 முதல் 12, பி சங்கிலியில் 13 முதல் 24.

இனிக் கணக்கு. பொசுபேற்றோடு சேர்த்து, ஐதரசனை விட்டு எண்ணினால் டிஏயில் 21 அணு, டிடியில் 20, டிஜியில் 22, டிசியில் 19. ஓர் இழையில் ஏ இரண்டு, டி இரண்டு, ஜி நான்கு, சி நான்கு: 42, 40, 88, 76, கூட்டினால் 246. முதல் எச்சத்தில் பொசுபேற்று இல்லை, அதற்கு மூன்று கழித்தால் 243. இரண்டு இழைக்கும் 486.

பைமோலில் கோப்பைத் திறந்து தட்டுங்கள்:

செலெக்ட் டிஎன்ஏ, பாலிமர்.நியூக்ளிக்

486 அணு என்று வரவேண்டும். அடுத்து "செலெக்ட் அடி, ரெஸ்என் டிஏ" என்றால் 84. அதாவது 21 அணு வீதம் நான்கு எச்சம். "செயின் ஏ" என்று மட்டும் கேட்டால் 243ஐவிடக் கூட வரும். கோப்பிலுள்ள 80 நீர்மூலக்கூறுகள் பக்கத்தில் இருக்கும் சங்கிலியின் பெயரோடு எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். "செயின் ஏ ஆன்ட் பாலிமர்.நியூக்ளிக்" என்று கேளுங்கள், 243 வரும். பிணைப்புத் தூரமோ மேற்பரப்போ கணிக்கும்போது இந்த நீர் தெரிவுக்குள் ஒட்டிக்கொண்டு வந்தால் விடை முழுவதும் பிசகும்.

எச்சங்களை எண்ணப் பலர் பொசுபரசை எண்ணுவார்கள். இங்கே "நேம் பி" 22தான் தரும்; 5' முனை இரண்டிலும் பொசுபரசு இல்லை. "நேம் சி1'" என்று கேளுங்கள், 24 வரும். ஒவ்வொரு நியூக்கிளியோரைட்டிலும் தவறாமல் ஒன்றே ஒன்று இருக்கும் அணு சி1'. எச்சம் எண்ண அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 24க்கு மேல் போனால் அந்தக் கோப்பில் சில அணுக்களுக்கு இரண்டு மாற்றிடங்கள் பதியப்பட்டிருக்கலாம். அப்போது ஆல்ட் என்ற சொல்லால் ஒன்றை மட்டும் வடிகட்ட வேண்டும்.

பிரைம் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. அது விசைப்பலகையில் உள்ள நேரான ஒற்றை மேற்கோள். வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வைத்த கட்டளையை ஒட்டினால் அது வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், பதில் 0 வரும். கட்டளைகளை நோட்பேடில் மட்டும் சேமியுங்கள்.

"உம்" என்று நினைத்து ஆன்ட் எழுதுவது

தமிழில் நினைப்பவருக்கு இந்தப் பிழை இலகுவாக வரும். "ஏ சங்கிலியும் பி சங்கிலியும் வேண்டும்" என்று மனம் சொல்லும், கை "செயின் ஏ ஆன்ட் செயின் பி" என்று தட்டும். பதில் 0. மென்பொருள் ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே பிடித்துக் கேட்கிறது: நீ ஏயிலும் இருக்கிறாயா, பியிலும் இருக்கிறாயா? இரண்டிலும் இருக்கும் அணு இல்லை. நம் "உம்"முக்கு இங்கே "ஓர்" (ஆங்கில ஓ, ஆர்; "அல்லது" என்று பொருள்) தான் வரும், அல்லது சுருக்கமாக "செயின் ஏ+பி". எச்ச இலக்கமும் அப்படியே: "ரெஸ்ஐ 5+8". வேறு வேறு வகைக் கட்டுப்பாடுகளை அடுக்கும்போதுதான் ஆன்ட்: ஏ சங்கிலியில், 4 முதல் 9 வரை, சி1' மட்டும். ஆன்டும் ஓரும் ஒரே வரியில் கலந்தால் அடைப்புக்குறி போடாமல் விடாதீர்கள். ஆன்ட் முதலில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் எண்ணிய பொருள் மாறிவிடும்.

ஈகோஆர்ஐ நொதி வெட்டும் ஜிஏஏடிடிசி பகுதி 1பிஎன்ஏயில் ஏ சங்கிலியின் 4 முதல் 9 வரை, பி சங்கிலியின் 16 முதல் 21 வரை. சோடி எச்சங்களின் இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 25 வரும், ஆகவே 5ஆம் அடினீனின் துணை 20ஆம் தைமீன். இந்தக் கோப்பில் "ரெஸ்ஐ 5" என்றால் ஒரே எச்சம் வருவதற்குக் காரணம் இலக்கம் இழை விட்டு இழை தொடர்வதுதான். பல கோப்புகளில் இரண்டு இழையும் 1இலிருந்தே தொடங்கும். அங்கே "ரெஸ்ஐ 5" இரண்டு எச்சத்தைத் தரும், ஒன்றுக்கொன்று சோடியும் அல்ல. சங்கிலியைச் சொல்லாமல் இலக்கத்தை மட்டும் சொல்லும் பழக்கம் வேண்டாம்.

பெயரை நம்பமுடியாத கோப்பில்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியைத்தான் மனத்தில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எச்சத்தின் பெயரைக் கோப்பை எழுதியவர் எப்படியும் வைக்கலாம். எந்த அணு இருக்கிறது, எது இல்லை என்பதை இரசாயனம்தான் தீர்மானிக்கும். பெயர் குழம்பினால் அணுவைக் கேளுங்கள்.

றைபோசில் ஓ2' உண்டு, டிஒட்சிறைபோசில் இல்லை. ஆகவே:

செலெக்ட் ஆர்என்ஏ, பைரெஸ் (பாலிமர்.நியூக்ளிக் ஆன்ட் நேம் ஓ2')

செலெக்ட் டிஎன்ஏ, பாலிமர்.நியூக்ளிக் ஆன்ட் நாட் ஆர்என்ஏ

சாம் கோப்போ 2007க்கு முந்திய கோப்போ, எச்சப் பெயர் எதுவாயினும் இது வேலைசெய்யும். பழைய கோப்பில் மட்டும் பிரைமுக்குப் பதில் உடுக்குறி இருப்பதால், இரண்டாவது வரிக்கு முன் அணுப் பெயரை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஆர்என்ஏ தெரிவு வெறுமையாகி, எல்லாமே டிஎன்ஏ ஆகிவிடும். உடுக்குறி பைமோலில் "எதுவும் வரலாம்" என்ற அடையாளமும் ஆகும். "நேம் சி1*" என்பது சி10, சி11 என்ற பெயருள்ள மருந்து மூலக்கூறின் அணுக்களையும் சேர்த்து எடுக்கும்.

பியூரினா பிரிமிடினா என்று அறிய என்9ஐக் கேளுங்கள். அடினீனும் குவானீனும் என்9 வழியாகத்தான் வெல்லத்தைப் பிடிக்கின்றன. பிரிமிடினில் என்9 கிடையாது. 1பிஎன்ஏயில் "பாலிமர்.நியூக்ளிக் ஆன்ட் நேம் என்9" 12 தரும். இன்னும் நுணுக்கமாக: ஓ6 இருந்தால் குவானீன், என்6 இருந்தால் அடினீன், என்4 இருந்தால் சைற்றோசின், ஓ4 இருந்தால் தைமீன் அல்லது யுராசில், சி7உம் கூட இருந்தால் தைமீன்.

மூலங்களை மட்டும் எடுக்க வெல்லத்தையும் பொசுபேற்றையும் கழியுங்கள்:

செலெக்ட் மூலம், பாலிமர்.நியூக்ளிக் ஆன்ட் நாட் நேம் பி+ஓபி1+ஓபி2+ஓபி3+*'

தெரிவின் பெயரை நீங்கள் ஆங்கில எழுத்தில் உங்களுக்கு விருப்பப்படி வைக்கலாம். 1பிஎன்ஏயில் 228 வரவேண்டும், மிச்சம் 258 முதுகெலும்பு. 228ஐவிடக் கூட வந்தால், கோப்பு பழைய பெயரிடலிலோ வேறு வழக்கத்திலோ உள்ளது என்று எண்ணி நோட்பேடைத் திறவுங்கள்.

ஓரெழுத்து டிஎன்ஏ கோப்பைப் புதுப் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் ஆல்டர் கட்டளை இருக்கிறது. தெரிவு "டிஎன்ஏ ஆன்ட் ரெஸ்என் ஏ+சி+ஜி+டி", மாற்றம் ரெஸ்என் = 'டி' + ரெஸ்என்; இந்த இரண்டு 'டி'யில் மேற்கோளுக்குள் இருப்பது ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்து, தெரிவில் இருப்பது இருபதாம் எழுத்து. ரெஸ்என் கட்டுப்பாட்டை விடாதீர்கள். விட்டால் அதே கட்டளையை இரண்டாம் முறை அழுத்தும்போது டிடிஏ, டிடிசி என்று எழுத்து இரட்டிக்கும். கட்டுப்பாடு இருந்தால் மாறியவை மறுபடி அகப்படா. முடிந்ததும் சோர்ட் கொடுங்கள்.

மாற்றமடைந்த எச்சங்கள்: 1இஎச்இசட்

ஆர்என்ஏயில் உண்மையான சிக்கல் இங்கேதான். 2000இல் வெளியான 1இஎச்இசட், ஈஸ்டின் பீனைலலனைன் கடத்தும் ஆர்என்ஏ, 76 எச்சம். "ரெஸ்என் ஏ+சி+ஜி+யு ஆன்ட் நேம் சி1'" என்று கேட்டால் 62. மிச்சம் 14உம் செல் தானே மாற்றியமைத்த எச்சங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்: 10இல் 2எம்ஜி, 16, 17இல் எச்2யு, 26இல் எம்2ஜி, 32இல் ஓஎம்சி, 34இல் ஓஎம்ஜி, 37இல் வைபுடோசின், 39, 55இல் பிஎஸ்யு, 40, 49இல் 5எம்சி, 46இல் 7எம்ஜி, 54இல் 5எம்யு, 58இல் 1எம்ஏ. எதிர்க்கோடனின் முதல் எழுத்தான 34ஆம் குவானீனே "ரெஸ்என் ஜி"யில் வராது.

இந்தப் 14உம் கோப்பில் ஹெட்ஆட்டம் வரிகளாக எழுதப்பட்டிருக்கும், நீரும் மக்னீசியமும் எழுதப்படுவதுபோல. படத்தைத் துப்புரவாக்க "ரிமூவ் ஹெட்ஆட்டம்" என்று தட்டினால் நீரோடு சேர்ந்து 14 எச்சமும் போய், சங்கிலி இடைக்கிடை அறுந்து நிற்கும். நீரை எடுக்க "ரிமூவ் சால்வென்ட்", அயன்களை எடுக்க "ரிமூவ் இன்ஆர்கானிக்" என்று தனித்தனியே சொல்லுங்கள்.

அணுவைக் கேட்கும் முறையும் இங்கே கவனமாக நடக்க வேண்டும். பிஎஸ்யு என்ற போலி யூரிடினில் வெல்லம் என்1இல் அல்ல, சி5இல் பிணைந்திருக்கும். என்1–சி1' பிணைப்பைத் தேடும் எழுத்துநிரல் அதைத் தவறவிடும். சிஎம்2 என்ற அணுவோ இன்னும் வில்லங்கம்: ஓஎம்சி, ஓஎம்ஜி இரண்டிலும் அது வெல்லத்தின் ஓ2'இல் ஒட்டிய மெதைல், 2எம்ஜியில் மூலத்தின் என்2இல் ஒட்டிய மெதைல். மேலே தந்த மூலத் தெரிவு இரண்டையும் "மூலம்" என்றே எடுக்கும், பிரைம் குறி இல்லாததால். ஓஎம்சி, ஓஎம்ஜி எச்சங்களின் சிஎம்2ஐத் தனியே கழித்துவிடுங்கள்.

எந்தப் புதிய ஆர்என்ஏ கோப்பானாலும் முதலில் பெயர்ப்பட்டியல் எடுங்கள்: ஐட்டரேட் பாலிமர்.நியூக்ளிக் ஆன்ட் நேம் சி1', காற்புள்ளி, பிரின்ட்(செயின், ரெஸ்ஐ, ரெஸ்என்). ஒவ்வோர் எச்சத்துக்கும் ஒரு வரி விழும். கண்ணால் ஓட்டிப் பார்த்தாலே விசித்திரமான பெயர்கள் தெரிந்துவிடும்.

இலக்கத்தில் இடைச்செருகல்

ஒழுங்கையில் 12ஆம் வீட்டுக்கும் 13ஆம் வீட்டுக்கும் நடுவே புதுவீடு எழும்பினால் 12ஏ என்று இலக்கம் கொடுப்போம், மற்ற வீடுகளின் இலக்கம் மாறாது. பிடிபியின் சேர்க்கைக் குறியீடும் அதுவே. சிதம்பரத்தில் பிறந்து, 2009இல் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு தீர்த்த றைபோசோம் சிற்றலகு, 1ஜே5இ, நல்ல உதாரணம். தேர்மஸ் பற்றீரியாவின் 16எஸ் ஆர்என்ஏக்கு ஈ கோலியின் இலக்கத்தையே கொடுத்திருக்கிறார்கள், கோடன் வாசிக்கும் ஜி530, ஏ1492, ஏ1493 என்ற புகழ்பெற்ற இலக்கங்கள் எல்லா ஆய்வுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. கூடுதலாக உள்ள எச்சங்கள் 190ஏ, 190பி என்று செருகப்பட்டுள்ளன. பைமோலில் "ரெஸ்ஐ 190ஏ" என்று ஒட்டி எழுதலாம். விஎம்டியில் எண் தனி, குறியீடு தனி. "ரெஸிட் 190" என்றால் செருகல்களும் சேர்ந்தே வரும், பிரிக்க "இன்சர்ஷன்" என்ற சொல் வேண்டும். இலக்கம் மறையெண்ணாக இருந்தால் பைமோலில் முன்னே பின்சாய்கோடு போட வேண்டும், அல்லது கழித்தற்குறியை வீச்சுக்குறியாக எடுத்துக்கொள்ளும்.

முழு றைபோசோம் போன்ற பெரிய கட்டமைப்புகள் எம்எம்சிஐஎஃப் என்ற புதிய கோப்பு வடிவில் மட்டுமே கிடைக்கும். பழைய வடிவில் 62 சங்கிலிக்கும் 99,999 அணுவுக்கும் மேல் எழுத இடமில்லை. அவற்றில் சங்கிலிப் பெயர் பெரிய ஏ, சிறிய ஏ என்று இரண்டும் வரும், வெவ்வேறு மூலக்கூறுகளாக. எம்எம்சிஐஎஃபில் ஒரே எச்சத்துக்கு ஆசிரியர் கொடுத்த இலக்கம், வங்கி கொடுத்த இலக்கம் என இரண்டு உண்டு. பைமோல் இயல்பாக ஆசிரியருடையதை எடுக்கும். ஆய்வுக்கட்டுரையோடு ஒப்பிட அதுதான் தேவை.

கைமெராஎக்ஸிலும் விஎம்டியிலும்

கைமெராஎக்ஸில் எழுதுவது குறைவு. சாய்கோடு சங்கிலிக்கு, முக்காற்புள்ளி எச்சத்துக்கு, அட் குறி அணுவுக்கு: "செலெக்ட் /ஏ:4-9@சி1'". நியூக்கிளிக் அமிலம் முழுவதற்கும் "செலெக்ட் நியூக்ளிக்". எத்தனை அணு, எத்தனை எச்சம் என்று பதிவேட்டில் தானாகவே எழுதும். இந்த ஒரு வசதிக்காகவே தொடக்கநிலை மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைப்போம். ஆர்என்ஏயைப் பிரிக்க "செலெக்ட் @ஓ2'" கொடுத்து, பிறகு "செலெக்ட் அப்" கொடுத்தால் எச்சம் முழுவதும் தெரிவாகும். ஏணிபோலக் காட்ட "நியூக்ளியோடைட்ஸ்" கட்டளையில் லேடர், பலகைபோலக் காட்ட ஸ்லாப்.

விஎம்டியில் கவனிக்க வேண்டியது ரெஸிட், ரெசிடியூ என்ற இரு சொற்கள். ரெஸிட் கோப்பிலுள்ள இலக்கம். ரெசிடியூ விஎம்டி தானே 0இலிருந்து போடும் தொடர் இலக்கம். 1பிஎன்ஏயின் 5ஆம் அடினீன் ரெஸிட் 5, ஆனால் ரெசிடியூ 4. ஒன்றுக்கு மற்றதை எழுதினால் பக்கத்து எச்சம் நிறம்மாறும். ஏஏடிடி பகுதியில் என்றால் கண்ணுக்கும் பிடிபடாது. அணுப்பெயரில் பிரைம் வரும்போதும் 2எம்ஜி போலப் பெயர் எண்ணில் தொடங்கும்போதும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். விஎம்டியின் "நியூக்ளிக்" என்ற சொல் முதுகெலும்பு அணுக்களைப் பார்த்தே முடிவெடுப்பதால், பொசுபேற்றில்லாத முனை எச்சமோ தனித்து நிற்கும் நியூக்கிளியோசைட்டோ உள்ள கோப்பில் சி1' எண்ணிக்கையோடு ஒப்பிட்டே பயன்படுத்துங்கள்.

தெரிவு சரியா என்று தூரத்தால் சோதிப்பது

எண்ணிக்கை பொருந்திய பிறகும் சரியான எச்சம்தானா என்று அறிய ஐதரசன் பிணைப்பை அளவிடுங்கள். பைமோலில் "டிஸ்டன்ஸ்" கட்டளையில் /1பிஎன்ஏ//ஏ/5/என்1 என்பதையும் /1பிஎன்ஏ//பி/20/என்3 என்பதையும் கொடுங்கள். நடுவில் வெறுமையாக இருப்பது துண்டப்பெயருக்கான இடம். ஏறக்குறைய 3 அங்ஸ்ரொம் வரவேண்டும். என்6க்கும் ஓ4க்கும் இடையிலும் அப்படியே. ஜி–சி சோடியானால் ஓ6–என்4, என்1–என்3, என்2–ஓ2 என்ற மூன்று. 5 அல்லது 6 வந்தால் சோடி எச்சத்தின் இலக்கத்தில் ஒன்று பிசகியிருக்கும். 20க்கு மேல் வந்தால் சங்கிலி மாறியிருக்கும்.

துணை இழையே கோப்பில் இல்லை என்றால் கலங்க வேண்டாம். பளிங்கின் சமச்சீரால் இரண்டாம் இழை வரும் கட்டமைப்புகளில் ஓர் இழையை மட்டும் வைப்பிட்டிருப்பார்கள். பைமோலில் "செட் அசெம்ப்ளி, 1" என்று கொடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். கைமெராஎக்ஸில் "சிம் #1 அசெம்ப்ளி 1". அப்போது இரண்டு இழைக்கும் ஒரே சங்கிலிப் பெயர் வரக்கூடும், "செயின் ஏ" இரண்டையும் எடுக்கும். பைமோல் இரண்டையும் ஒரே பொருளின் இரு நிலைகளாக வைப்பதால், தெரிவுக்கு முன் ஸ்ப்ளிட்_ஸ்டேட்ஸ் கட்டளையால் பிரித்து, இரண்டாவதன் சங்கிலிப் பெயரை ஆல்டரால் பி என்று மாற்றிவிட்டு, சி1'ஐ மறுபடி எண்ணுங்கள்.